கையெட்டும் தூரத்துப் பை

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததுமே வக்கீல் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டார். கூட வந்தவன் அவருடைய தங்கை கணவன். லிப்ட் மெக்கானிக்.

"ஹேண்டில்பார் பைன்னா லேசா நினைக்காத மாப்ள. பெருசா இருந்தா முன் சக்கரத்துல உரசும். மூணு கிலோவுக்கு மேல அடைச்சா ஹேண்டில் உன் பேச்சைக் கேக்காது. வீட்லயே உன் பேச்சை யாரும் கேக்குறதில்ல, அது வேற விஷயம்."

கடைக்காரர் சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று பார்க்காமல் அவனை வைத்துத்தான் வக்கீல் எல்லாரையும் சிரிக்க வைப்பார்.

கடைசியில் சாம்பல் நிறப் பை ஒன்று பிடித்துப்போனது. ஒரு சாண் ஆழம். மேலே வரைபடம் செருகக் கண்ணாடி போன்ற உறை. ஜிப் ஓட்டுபவர் பக்கமாகத் திறக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தித் தூக்கினால் பை தனியே கையோடு வந்துவிடும்.

"ஓட்டிக்கிட்டே, பார்க்காமலே கைய விட்டு எடுக்கலாம். எனக்கு அதான் வேணும்" என்றார் வக்கீல். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொள்பவர். சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே குளுக்கோஸ் மாத்திரை வாயில் போட்டாக வேண்டும்.

இருவரும் கிளம்பிய சைக்கிள் பயணத்தின் மூன்றாம் நாள் மலைச்சாலை. காலை பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நனைந்த தாரின் வாசனை. எங்கோ இலையிலிருந்து இலைக்கு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வண்டியும் வரவில்லை.

முன்னால் போன வக்கீலின் சைக்கிள் தள்ளாடி நின்றது. அவர் இறங்கி அதைத் தடுப்புச் சுவரில் சாய்த்துவிட்டு, நாலடி நடந்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

"மாப்ள... பை..."

மெக்கானிக் பொத்தானை அழுத்திப் பையைத் தூக்கினான். அவர் எதிரே குந்தினான். நீட்டவில்லை.

"இப்ப சொல்லுங்க மச்சான். என் பேச்சை யாரு கேக்குறா?"

"விளையாடாத..."

இரண்டே நிமிடம் என்றுதான் நினைத்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் அவனுக்கு இனித்தது. அவர் கை காற்றில் துழாவியது. அவன் பையை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்தான். கை மறுபடி வந்தது. மறுபடி இழுத்தான்.

பிறகு அவர் பக்கவாட்டில் சரிந்தார்.

விரல்கள் மட்டும் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

அவை ஓயும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பையை ஹேண்டிலில் மாட்டி, ஜிப்பைப் பாதி திறந்து வைத்துவிட்டு, ஆள் கூட்டிவரக் கிளம்பினான். நல்ல இறக்கம். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

"பக்கத்துலயே மருந்து இருந்தாலும் அந்த நேரத்துல எடுக்கத் தோணாது" என்றார் டாக்டர். எல்லாரும் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து மனைவி அந்தப் பையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் பார்த்துப் பார்த்து வாங்கினதுங்க. நீங்களே மாட்டிக்கோங்க. வேற யாருக்குக் குடுக்கச் சொல்றீங்க?"

மறுக்கக் காரணம் கிடைக்காமல் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டான்.

வேலைக்குப் போகும் வழியில், ஓட்டிக்கொண்டே, சாவிக்காகப் பைக்குள் கையை விட்டான்.

உள்ளே விரல்கள் இருந்தன.

குளிர்ந்து, வியர்வையில் பிசுபிசுத்த விரல்கள். அவை அவனைப் பிடிக்கவில்லை. தேடின. சாவியைத் தொட்டு ஒதுக்கின. கைக்குட்டையை ஒதுக்கின. அவன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்து, அதையும் ஒதுக்கின.

சைக்கிளோடு விழுந்தான். பையைக் கவிழ்த்து உதறினான். சாவி, கைக்குட்டை. வேறொன்றுமில்லை.

அன்று சாயங்காலமே அதை அலமாரியின் மேல் தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் திணித்தான். இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினான்.

பிறகு ஒரு பிற்பகல் வேலை முடிந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது; உள்ளே வந்து மறுபடி சாத்தினான். கதவோரம் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை.

அவள் வலது கை உள்ளே இருந்தது.

முழங்கை வரை.

ஒரு சாண் ஆழப் பைக்குள் முழங்கை வரை.

"ஏய், கைய எடு!"

"சத்தம் போடாதீங்க." அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முகத்தில் சிரிப்பு. "அண்ணன்ங்க. என் உள்ளங்கைல எழுதுறாரு. சின்ன வயசுல இப்படித்தான் விளையாடுவோம்."

"வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. கண்ணை மூடி, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"மா... ப்... ள..."

பையின் துணி லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவள் உதடுகள் சத்தமில்லாமல் தொடர்ந்து அசைந்தன. வெகுநேரம் அசைந்தன. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

பையிலிருந்து கையை எடுக்காமலே எழுந்து நின்றாள். இடது கையை நீட்டி, வாசல் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.

பைக்குள் விரல் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.