பதினேழாம் நிழலர்

பதினேழாம் நிழலரிடம் ஒரு ஜோடி செருப்பைக்கூட விற்க முடியாது என்பது மின்வணிகம் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். முந்நூறு கல்லூரிகளில் அவரிடம் தோற்றுப்போகாத மாணவர் கிடையாது. கூடையில் ஏழெட்டுப் பொருளைப் போடுவார். ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "கொஞ்சம் கொறச்சுக் குடுப்பீங்களா?" என்று அரட்டைப் பெட்டியில் கேட்பார். குறைத்துக் கொடுத்தாலும் வாங்காமல் போய்விடுவார். பிள்ளைகள் அவருக்குக் கஞ்சூஸ் மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் மங்கையர்க்கரசிக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். கஞ்சூஸ் மாமா அவளுடைய கணவர்.

ஒரு மனிதர் இணையக் கடைகளில் எதைத் தேடினார், எங்கே தயங்கினார், எதைக் கூடையில் போட்டுவிட்டு எடுத்தார் என்ற தடங்களை எல்லாம் இயந்திரத்துக்கு ஊட்டினால், அவரைப் போலவே நடந்துகொள்ளும் வாடிக்கையாளர் ஒருவர் பாடக்கடைக்குள் வந்து நிற்பார். அவர்தான் நிழலர். மாணவர்கள் அவரிடம் விற்றுப் பழக வேண்டும். மணி அடித்ததும் அவருடைய நினைவு துடைக்கப்படும். அடுத்த வகுப்புக்கு ஒன்றுமே நடக்காதது போல வந்து மறுபடியும் பேரம் பேசுவார்.

அந்தக் கணவர், தாமோதரன், இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மின்வாரிய அலுவலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தொன்று. அடுத்த வருடமே பல்கலைக்கழகம் ஆசிரியர்களின் கழுத்தைப் பிடித்தது. பதவி உயர்வு வேண்டுமானால் ஆளுக்கொரு பாடவளம் உருவாக்கி, திறந்த உரிமத்தில் பொது வளக்களத்தில் சேர்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் யாரும் தங்கள் தடத்தை இலவசமாகத் தரத் தயாராக இல்லை. இறந்தவரின் தடத்துக்கு வாரிசு கையெழுத்திட்டால் போதும் என்று விதியில் இருந்தது. மங்கை கையெழுத்திட்டாள். பெயரையும் முகவரியையும் கருவியே நீக்கிக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் திறந்து பார்க்கவில்லை, அதற்கான தெம்பு அப்போது இல்லை.

பதவிக்காக மட்டும் செய்தாள் என்று சொன்னால் அது அநியாயம். அவருடைய குரல் போய்விட்டது, நடை போய்விட்டது. ஆனால் எங்கோ ஒரு கடையில் நின்று இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வகுப்பு நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து, பிள்ளைகள் அவரிடம் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை ஆபிதா திரையில் வந்தாள். வாணியம்பாடியிலிருந்து இணையத்தில் படிக்கும் பெண், இரண்டாம் ஆண்டு.

"மேம், கஞ்சூஸ் மாமாகிட்ட வித்துட்டேன்."

"சும்மா சொல்லாத. என்ன வித்த?"

"பதினாறு பொருள் மேம். கடையில வெச்சது பூராவும்."

மங்கை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. "எப்படிம்மா?"

"நீங்கதான மேம் சொல்லுவீங்க, வாங்குனதப் பாக்காத, விட்டதப் பாருன்னு. அவரு விட்டதயெல்லாம் தேதி வாரியா எடுத்துப் பாத்தேன். ஒரே பொருள பதினோரு தடவ கூடையில போட்டு, பதினோரு தடவயும் எடுத்துருக்காரு."

"என்ன பொருள்?"

"ஆஸ்பத்திரி பரிசோதன மேம். நெஞ்சு வலிக்குப் பாக்குற முழுச் செக்கப்பு. ஒவ்வொரு தடவயும் அத எடுத்துட்டு, அந்தக் காசுக்கு வேற ஒண்ணு வாங்கிருக்காரு. மைக்கு, லைட்டு, பின்னாடி கட்டுற பச்சத் துணி, முதுகு வலிக்காத நாற்காலி. எல்லாம் வீடியோ பாடம் எடுக்கறவங்களுக்கு வேண்டியது. அவரு வீட்டுக்காரம்மா உங்கள மாதிரி டீச்சரா இருப்பாங்க போல மேம்."

மங்கை நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டாள். அவள் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில்தான்.

"அதுக்கப்புறம் ரொம்ப சுலபம். எந்தப் பொருளா இருந்தாலும், 'இது உங்க வீட்டம்மாவுக்கு உதவும்'னு ஒரு வரி போட்டாப் போதும். மாமா மறுபேச்சே பேசறதில்ல. பேரங்கூட பேசல."

"அந்தச் செக்கப்ப மொதல்ல எப்போ கூடையில போட்டாரு?"

"தடம் முடியறதுக்கு ஒன்றர வருஷம் முன்னாடி மேம்." ஆபிதா தயங்கினாள். "மேம், மார்க்கு?"

"முழு மார்க்கு," என்றாள் மங்கை. உடனே திரையை அணைத்தாள்.

ஒன்றரை வருடம். மைக் வந்த அன்று "எதுக்குங்க இவ்வளவு செலவு?" என்று கேட்டதும், "போனஸ் வந்துச்சு" என்று அவர் சொன்னதும் அவளுக்கு நினைவிருந்தது. அந்த மைக்கில்தான், வாடிக்கையாளர் தயங்கும் நொடியில் அவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று நாற்பது பாடம் பதிவு செய்தாள். நாற்பதையும் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சத்தம் வராமல் மிக்ஸியை நிறுத்தி வைத்துப் பதிவு செய்ய விட்டவர் அவர். வீட்டில் ஒரு மனிதர் தயங்கித் தயங்கிச் செத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதாள். பக்கத்து அறை ஆசிரியை கதவைத் தட்டியபோது, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள்.

மதியம் அவளே ஒரு பாடக்கடை திறந்தாள். அலமாரியில் ஒரே ஒரு பொருள் வைத்தாள்: இருதயப் பரிசோதனை. நிழலர் வந்தார். வழக்கம்போல் கூடையில் போட்டார். திரையில் அவருடைய விரல் குறி 'நீக்கு' என்ற பொத்தானுக்கு மேல் போய் நின்றது. மங்கை அவசரமாகத் தட்டினாள்.

"உங்கள் மனைவிக்கு நீங்கள் வேண்டும்."

விரல் அசையவில்லை. பிறகு அரட்டைப் பெட்டியில் எழுத்து ஓடியது.

"எவ்ளோ நேரம் ஆகும்ங்க?"

"அரை நாள்."

"சரி. ரிசல்ட்ட வீட்டு நம்பருக்குச் சொல்லிறாதீங்க. அவளுக்குக் க்ளாஸ் இருக்கும்."

வாங்கிவிட்டார்.

மங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி போதுமாயிருந்திருக்கிறது. நான்கு சொல். அதைச் சொல்ல அவளுக்கு ஒன்றரை வருடம் இருந்தது, ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுத்த வாய் இருந்தது. மணி அடித்தது. வாங்கியது, கேட்டது, சம்மதித்தது எல்லாம் துடைக்கப்பட்டு, நிழலர் மறுபடி கடை வாசலில் வந்து நின்றார்.

ஒன்றை அவள் மறந்துவிட்டாள். அவள் கணக்கில் வெற்றி பெறும் விற்பனை வரி எதுவானாலும் தானாகவே வளக்களத்துக்குப் போகும்படி அவளே அமைத்து வைத்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்ற நல்லெண்ணம். மறுநாள் விழித்துக்கொண்டு, அந்த வரியையும் பதினேழாம் நிழலரையும் திரும்பப் பெற வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினாள். பதில் உடனே வந்தது. திறந்த உரிமத்தில் கொடுத்ததை யாரும் திரும்பப் பெற முடியாது, சிறந்த பங்களிப்புக்குப் பாராட்டுகள், என்று இருந்தது.

இரண்டு வாரத்தில் முந்நூறு கல்லூரிகளிலும் பிள்ளைகள் அந்த வரியை வைத்துச் செருப்பு விற்றார்கள், தலையணை உறை விற்றார்கள். கஞ்சூஸ் மாமாவை வெல்வது இப்போது முதல் வாரப் பயிற்சியாகிவிட்டது. வளக்களம் எல்லாருக்கும் திறந்தது. நிஜக் கடைக்காரர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்குத் தகுந்தபடி சொல்லை மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மங்கை சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. முழங்கால் வலித் தைலம். அவள் அதை இரண்டு நாள் முன்பு பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டிருந்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "உங்கள் கணவருக்கு நீங்கள் வேண்டும்."

அந்தக் கடைக்கு அவர் இறந்தது தெரியாது. அந்த வரி யாருடையது, அதை எந்த நொடியில் அனுப்ப வேண்டும், படித்தவரின் விரல் எப்போது இளகும் என்பதெல்லாம் மங்கைக்கு அத்துப்படி. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அதை இன்னொரு முறை படித்தாள். இரண்டு புட்டி வாங்கினாள்.