பின் சீட்டில் வெண்பா

வெண்பா தமிழில் பதில் சொன்னாள்.

"பசிக்குதாடா குட்டி?" என்று சபரிநாதன் கேட்டிருந்தான், சாலையைப் பார்த்தபடியே. பின் சீட்டிலிருந்து, "இல்லப்பா, எனக்கு எதுவும் வேணாம்," என்று வந்தது. தடங்கல் இல்லாமல் வந்தது. இந்த ஏழு வருஷத்தில் ஒருநாளும் அவள் இப்படிப் பேசியதில்லை. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அவர்கள் குடியிருக்கும் ஆலன் ஊரில் அவளோடு படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான்.

முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் சந்தோஷப்பட்டதை நினைத்துக் கூச்சமாக இருந்தது. பயந்துபோய்த்தானே பேசுகிறாள். பயமுறுத்தியது அவன்.

லாங் வீக்கெண்டுக்கு எல் பாசோ வரலாம் என்றது அவன்தான். ஆலனில் ஒரே ஆபீஸில் இருந்த முகுந்த் வேலை மாறி மனைவி யாமினியோடும் மகள் விஷாகாவோடும் இங்கே குடிவந்திருந்தான். பார்த்த மாதிரியும் இருக்கும், ஊரைச் சுற்றின மாதிரியும் இருக்கும். மலையடியில் ஒரு கள்ளிச்செடித் தோட்டம் இருப்பதாக ஃபோனில் பார்த்துவிட்டு, எல்லோரையும் இரண்டு வண்டியில் கிளப்பிக்கொண்டு போனவனும் அவன்தான். போனால் கேட்டில் பூட்டு. வெயில் காரணமாகக் கோடை முடியும்வரை திறக்கமாட்டோம் என்று ஒரு போர்டு. அவ்வளவு பெரிய பார்க்கிங்கில் இவர்களுடைய வண்டிகளைத் தவிர எதுவுமில்லை. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. காற்று அடித்தால் இஸ்திரிப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி இருந்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்டைப் பார்க்கணும்னுகூடத் தோணலையா உங்களுக்கு?" என்று அவன் மனைவி பிரீத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"விடுங்க பிரீத்தி, மச்சான் ஆபீஸ்லயும் இப்படித்தான்," என்று முகுந்த் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெண்பா வந்து தண்ணீர் கேட்டாள், ஆங்கிலத்தில். கொஞ்சம் முன்னால்தான் விஷாகா தமிழ்ப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடிக் கைதட்டு வாங்கியிருந்தாள். சபரிநாதன் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தமிழில் கேட்டால்தான் தருவேன் என்றான். விளையாட்டு மாதிரிதான் சொன்னான். அவள் மறுபடியும் ஆங்கிலத்திலேயே கேட்டாள். அவன் மூடியைத் திருகி, அவள் கண்ணெதிரே ஒரு மடக்கு குடித்துக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. வெண்பா அழவில்லை. முகம் சிவந்து, திரும்பி, டிக்கெட் கவுண்டரின் சுவரோரம் கிடந்த துளி நிழலைப் பார்த்து நடந்தாள்.

அதற்கப்புறம் கிளம்பினால் போதும் என்றாகிவிட்டது எல்லோருக்கும். வாடகைக் காரில் ஏசி சரியில்லையென்று பிரீத்தி முகுந்தின் வேனில் ஏறிக்கொண்டாள். சபரிநாதன் யார் முகத்தையும் பார்க்காமல் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டாலும் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்து வண்டியை எடுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

ஃப்ரீவேயில் முகுந்தின் வேன் எப்போதோ முன்னால் போய் மறைந்திருந்தது. இரண்டு பக்கமும் வெளிறிய மண்ணும், பெயர் தெரியாத முட்புதர்களும், வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்த மின்கம்பங்களும் ஒரே மாதிரி வந்துகொண்டே இருந்தன. ஏசி மெல்லிய விசில் போல முனகியது. அந்த முனகலுக்கு அடியில், இவ்வளவு நேரமாகியும், ஒரு குழந்தை பின்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற எதுவும் கேட்கவில்லை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சீட்டைக் காலால் உதைக்கும் சத்தம் இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் இல்லை. வழக்கமாக அவள் ஏறினால் காரெல்லாம் சன்ஸ்க்ரீன் வாசனையடிக்கும். இப்போது வந்தது வேறு வாசனை. அடுப்பில் வெறுமனே காய்ந்துகொண்டிருக்கிற தோசைக்கல்லின் வாசனை.

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். பிரீத்தி.

கோபம் தணிந்த குரல். நேரே வீட்டுக்கே வந்துவிடும்படி யாமினி சொல்கிறாள், சாப்பாடு அங்கேயே செய்துகொள்ளலாம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வெண்பா என் மடியில தூங்கிட்டா. பாவங்க அவ. வந்ததும் நீங்களே ஒரு சாரி சொல்லிடுங்க."

அவன் கண்ணாடியைப் பார்த்தான்.

வெண்பாவின் மஞ்சள் ஃபிராக். அதே இரட்டைக் குடுமி. இரண்டு கையையும் மடிமேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண்ணாடிக்குள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். இங்கேயும் ஒருத்தி இருக்கிறாள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெற்ற பிள்ளை எந்த வண்டியில் இருக்கிறாள் என்று தெரியவில்லை என்று ஒரு அப்பா எப்படிச் சொல்வான்? முகுந்த் கேட்டுக்கொண்டிருப்பான். இன்னொரு தடவை சிரிப்பான்.

"சரி," என்றான்.

ஃபோன் அணைந்தது.

"அம்மா மடியில இருக்கறதும் நானில்லப்பா," என்றது பின் சீட்டு.

கை வழுக்கியது. வண்டி கோட்டைத் தாண்டியது. பின்னால் வந்த டிரக் நீளமாக ஹாரன் அடித்தபடி கடந்துபோனது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கினான். பாலத்துக்கு அடியில் திரும்பினான். வந்த வழியே மிதித்தான்.

நைன் ஒன் ஒன் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? குழந்தையை வெயிலில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றா? தண்ணீர்கூடக் கொடுக்காமல் என்றா? ஃபோனை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். விரல் வேர்த்துத் திரை திறக்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியவேண்டாம். சுவரோரம்தான் நிற்பாள். நிழல் இருக்கும். நிழல் இருக்க வேண்டும்.

கண்ணாடியைப் பார்க்காதே.

பார்க்கவில்லை. வாசனை கழுத்துக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தது.

பார்க்கிங். அதே பூட்டு. அதே போர்டு. சுவரோரம் நிழல் இல்லை. வெயில் அங்கேயும் ஏறியிருந்தது.

தார் நடுவில் அவள் நின்றிருந்தாள்.

காரைப் பார்த்ததும் ஓடிவர ஆரம்பித்தாள். கால் பின்னியது. விழப்போய் நிமிர்ந்தாள். கன்னம் வெந்து போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. உயிரோடு இருந்தாள். சபரிநாதன் கதவைத் தள்ளி வெளியே விழுந்து எழுந்தான். வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. இரண்டு கையையும் நீட்டினான்.

பின்னால் கார்க்கதவு திறந்தது.

நீட்டிய வலது கைக்குள் ஒரு சின்னக் கை வந்து நுழைந்தது. ஈரமில்லாத கை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரிச் சுட்டது. உதறினான். வரவில்லை. இழுத்தான். விரல்கள் இன்னும் கெட்டியாகக் கோத்துக்கொண்டன.

ஓடிவந்தவள் வேகத்தைக் குறைத்தாள். நின்றாள்.

அவனைப் பார்த்தாள். கோத்திருந்த கைகளைப் பார்த்தாள். அந்தக் கைக்கு மேலே இருந்த மஞ்சள் ஃபிராக்கை, முகத்தை, ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. கடையில் யாரோ ஒருவரை அப்பா என்று நினைத்து ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துவிட்ட குழந்தையின் முகம் அது. கூசியது.

"சாரி, அங்கிள்," என்றாள்.

திரும்பி நடந்தாள்.

அவனுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "வெண்பா!" என்று மலையில் மோதித் திரும்புகிற அளவுக்குக் கத்தினான்.

"இங்கதானப்பா இருக்கேன்," என்றது பக்கத்தில்.

தூரத்தில், தார் முடிகிற இடத்தில், கானல் ஒரு குளம் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை நோக்கிப் போனாள். முழங்கால் வரைக்கும் இறங்கினாள். இடுப்பு வரைக்கும். தோள் வரைக்கும். கடைசியில் இரட்டைக் குடுமி வைத்த தலை மட்டும் அந்தப் பளபளப்பின் மேல் அசைந்துகொண்டு, திரும்பாமல், போய்க்கொண்டே இருந்தது.