மரத்தில் பாதி, எவர்சில்வரில் பாதி

சிவப்புப் பொத்தானைக் கஸ்தூரி உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். இயந்திரம் நிற்கவில்லை. மறுபடியும் அடித்தாள். அதன் பிறகுதான் உள்ளே எழுத்துப் பொறித்துக்கொண்டிருந்த லேசர் தலை தயங்கியது. விசிறி பெருமூச்சு விட்டதுபோல் அடங்கியது.

என்ன கோளாறு என்று கேட்டால் அவளால் சொல்லத் தெரியாது. வாசனைதான். மரம் எரிந்தால் ஒரு வாசனை, தோல் என்றால் முடி கருகும் நாற்றம், பிளாஸ்டிக் என்றால் தொண்டையில் இனிப்பாக ஒட்டிக்கொள்ளும் புகை என்று உள்ளே கிடக்கும் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிற மூக்கு அவளுக்கு. ஆனால் இப்போது மூடியின் இடுக்கிலிருந்து கசிந்து கடை முழுக்கப் பரவியது சேற்று வாசனை; வெள்ளம் வடிந்த மறுநாள் சிகாமட் ஆற்றங்கரையில் வீசுமே, அந்தக் குளிர்ந்த, அழுகிய வாசனை.

வெளியே அடைமழை. மாலைகூட ஆகவில்லை, அதற்குள் கடைக்குள் இருள் வந்து உட்கார்ந்துவிட்டது.

காளியப்பன் என்கிற பெரியவருக்கு நினைவுப் பலகை. நாளைக்குக் கருமாதி. இடப்பக்கம் மரம், வலப்பக்கம் எவர்சில்வர் தகடு, பெயர் மட்டும் ஒரே வரியாக மரத்தில் தொடங்கித் தகட்டுக்குள் ஓடவேண்டும்: காளியப்பன் A/L சபாபதி, அதாவது சபாபதியின் மகன் காளியப்பன். "அப்பா பேரு மரத்துல, தாத்தா பேரு சில்வர்ல வரட்டும்க்கா. கீழ தோற்றம் மரத்துப் பக்கம், மறைவு சில்வர் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் மகன் வசந்தன். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

இயந்திரத்தின் ஒரே தலைக்குள் இரண்டு ஒளிகள். மரத்தை எரிக்க நீலம். உலோகத்தைக் கீற இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. மரப்புகை படிந்தால் தகடு மங்கிப்போகும் என்பதால் உலோகத்தைத்தான் முதலில் முடிப்பாள்.

இயந்திரம் புதியதல்ல. வெள்ளத்தில் கடையை இழந்த யாரோ விற்றது. உள்சுவரில், எவ்வளவு துடைத்தாலும் போகாத ஒரு பழுப்புக் கோடு இருந்தது. தண்ணீர் நின்ற உயரம்.

மூடியைத் திறந்தாள். தகட்டில் 'ச' இருக்கவேண்டிய இடத்தில் 'ரூ' இருந்தது.

கணினித் திரையைப் பார்த்தாள். சபாபதி. சரியாகத்தான் இருக்கிறது.

"அலமாக், இதுக்கும் வயசாயிடுச்சு போல" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு புதுத் தகடு வைத்தாள். தன் குரல் அந்த இருட்டில் யாரோ பேசியதுபோல் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஓட்டினாள். கரகரவென்று, நகத்தால் டின்னைச் சுரண்டுவது போன்ற சத்தம். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கறுப்புக் கண்ணாடி வழியே எழுத்து மட்டும் தானாக முளைப்பது போலத் தெரிந்தது. மறுபடியும் அந்தச் சேற்று வாசனை. இந்த முறை அதில் குளிரும் சேர்ந்திருந்தது.

ரூ.

ரூபே.

பொத்தானை அடித்தாள். அடித்தாள். தலை நிற்கவில்லை.

ரூபேந்திரன்.

அவளுடைய கணவன் பெயர்.

தலை கீழே இறங்கியது. நிதானமாக எழுதியது. மறைவு. பக்கத்தில் ஒரு தேதி.

இன்றைய தேதி.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். எல்லாம் அணைந்தது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம். கைபேசியை எடுத்து அவனை அழைத்தாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"தங்காக் தாண்டிட்டேன். ஏன், குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"வேன ஓரமா நிறுத்துங்க."

"என்ன விளையாடுறியா? பாப்பா டியூஷன் விடுற நேரம். நான் போய் ஏத்தலன்னா லோஷினி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்லா."

"ஏங்க, நிறுத்துங்கன்னு சொல்றேன்ல! மழை விடற வரைக்கும் வேனத் தொடாதீங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க."

வைப்பர் சத்தம். பிறகு அவன் சிரித்தான். "சரிலா, சத்தியம். இங்கயே பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு, நிறுத்துறேன். அப்புறம் பாப்பா?"

"அத நான் பாத்துக்கறேன்."

டியூஷன் வீட்டுக்கு அழைத்தாள். ராஜம்மா டீச்சர் எடுத்தார்.

"டீச்சர், இன்னிக்கு அவங்க அப்பா வரமாட்டாங்க. லோஷினிய நடந்து வரச் சொல்லுங்க."

"இந்த மழையிலயாம்மா? நீ வந்து கூட்டிட்டுப் போலாம்ல?"

கஸ்தூரி இயந்திரத்தைப் பார்த்தாள். அதைத் தனியாக விட்டுவிட்டுப் போவதா? திரும்பி வருவதற்குள் இன்னும் என்ன எழுதி வைத்திருக்குமோ?

"கடைய விட்டு நகர முடியல டீச்சர். குடை வெச்சிருக்கா. பின்னால ஆத்தோரப் பாதையில வந்தா அஞ்சு நிமிஷம். அவளுக்குப் பழக்கம்தான்."

"சரிம்மா. இப்பதான் செருப்பு மாட்டுது. சொல்லிடறேன்."

தகட்டைக் கழற்றப் பார்த்தாள். விரல் பட்டதும் இழுத்துக்கொண்டாள். தகடு ஐஸ் போல் இருந்தது, ஈரமாகவும். பலகை அசையவே இல்லை, மேடையோடு வேர்விட்டதுபோல்.

கைபேசி மினுக்கியது. ரூபேந்திரன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு கையில் கோப்பி, இன்னொரு கையில் கறிபாப். 'உன் புருசன் உயிரோடதான் இருக்கான், போதுமா?' என்று கீழே எழுதியிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாற்காலியில் சரிந்தாள். அவ்வளவுதான். தப்பித்தாயிற்று. வண்டி நிற்கிறது, அவன் கறிபாப் தின்கிறான். இந்தச் சனியனை நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிடவேண்டும்.

அப்போது விசிறி சுழல ஆரம்பித்தது.

கஸ்தூரி தரையைப் பார்த்தாள். பிளக் அங்கேதான் கிடந்தது. எறிந்த இடத்திலேயே.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. இந்த முறை தெரிகிற வெளிச்சம்.

நீலம்.

மரத்தின் முறை.

தகட்டை ஒட்டிய ஓரத்தில் முதலில் விழுந்தது. A. பிறகு ஒரு சாய்கோடு. கஸ்தூரி எழுந்து நின்றாள். அடுத்து L வரும். அவன் ஆண்பிள்ளை, L-தான் வரவேண்டும்.

P.

மகனுக்கு L. மகளுக்கு P. எத்தனை பலகை செய்திருக்கிறாள். எத்தனை பேருக்கு அவளே விளக்கிச் சொல்லியிருக்கிறாள். பயத்தில் அதை மறந்துபோனாள். எவர்சில்வரில் வருவது செத்தவர் பெயர் இல்லை. ஒருநாளும் இல்லை.

அது அப்பா பெயர்.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. ராஜம்மா டீச்சர். அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரத்துக்கு நகர்ந்தது. கஸ்தூரியின் கை அசையவில்லை.

நீல ஒளி வரியின் தொடக்கத்துக்குத் தாவியது.

லோ.

புகை இல்லை. மரம் எரிகிற வாசனை இல்லை.

ஷி.

எரிந்த பள்ளங்களில் பழுப்புத் தண்ணீர் ஊறி, எழுத்து எழுத்தாக நிறைந்து, பலகையின் விளிம்பில் சொட்டத் தொடங்கியது.

னி.