பீங்கான் அடுப்புக்கு ஏழு படி

"உங்கட உம்மாட கை அந்தக் கயித்துல படப்படாது! சொல்லிட்டன் நதீரா... பட்டிச்செண்டா இப்பவே என்ட தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயிருவன்!"

விடியற்கால சுபஹ் தொழுத பாயை ஹாஜறா இன்னும் மடிக்கவில்லை. அதற்குள் ஸகியாவின் குரல் முன்வாசலில் இருந்து பின்வளவுக் குசினிவரை வந்து சேர்ந்துவிட்டது. மருமகன் மர்சூக்கின் மூத்த சகோதரி அவள். மாவடிப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். தம்பிக்கு ஒன்றென்றால் முதல் பஸ்ஸில் கல்முனைக்கு வந்து இறங்கிவிடுவாள். ஒன்றுமில்லை என்றாலும் இரண்டாவது பஸ்ஸில் வந்துவிடுவாள்.

ஹாஜறா ரொட்டிக்குப் பிசைந்த மாவில் கையை வைத்தபடியே நின்றாள். மகள் பதில் சொல்வாள் என்று காத்திருந்தாள். நதீரா ஒன்றும் சொல்லவில்லை. மர்சூக்கும் அங்கேதான் நின்றான். அவனும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் ஹாஜறாவுக்குச் சுருக்கென்றது.

"ஒரு தரம் கயித்த விட்டு என்ட தம்பிட காலத் திண்டது காணாதா? இன்னும் எத்தின நாளைக்கி அவவ இந்த வளவுக்குள்ள வெச்சிப் பார்க்கப் போறீங்க? வரிப்பத்தான்சேனையில அவவுட தம்பிக்காரன் இருக்கான்தானே... அங்க போய் இருக்கட்டுமே!"

"மதினி, மெல்லக் கதைங்க... உம்மாக்குக் கேக்கும்..." என்றாள் நதீரா.

"கேக்கட்டும் எண்டுதானே கதைக்கிறன்!"

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஹாஜறா கையைக் கழுவினாள். மூலையில் இருந்த சீலைப் பையை எடுத்து இரண்டு சேலையையும் தொழுகைப் பாயையும் வைத்தாள். பகல் பஸ்ஸுக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. மகளின் குடும்பம் நிலைக்க வேண்டுமென்றால் தாய் ஒருத்தி இடம் மாறுவதில் என்ன வந்தது?

சண்டைக்கெல்லாம் காரணமான அந்த அடுப்பு முன்வளவில் வேம்பின் கீழ் இருந்தது. ஊரில் வேறெங்கும் இல்லாத அடுப்பு. மர்சூக் குவைத்தில் சமையல் வேலை பார்த்த வீட்டு அரபி, தனக்கு வேண்டாமென்று கொடுத்தது. பச்சை நிறப் பீங்கான், பானை வயிறு, மேலே தொப்பி மாதிரி ஒரு மூடி. உள்ளே கரியைப் போட்டுக் கம்பித்தட்டில் இறைச்சியை வைத்து மூடினால் பூப்போல வேகும். கப்பலில் வந்து லொறியில் இறங்கியபோது ஊரே கூடிப் பார்த்தது. "பீங்கான்ல சோறு திண்டு பார்த்திருக்கம், பீங்கான்ல நெருப்பு வெச்சிப் பார்க்கல்லையே!" என்று சிரிக்காத ஆளில்லை. பாரமோ ஒன்றரை மூட்டை நெல். மழையில் நனைந்து ஊறிய பீங்கானில் நெருப்பு வைத்தால் வெடித்துவிடும் என்பதால், கோடையில் கீழே வேம்படியிலும் மாரியில் மேலே விறாந்தையிலும் அதற்கு இருப்பிடம்.

இடையில் ஏழு படிகள். எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு, வெள்ளம் ஏறக்கூடாதென்று ஹாஜறாவின் கணவர் அப்துல் ஸமட் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டிய வீடு அது. கட்டி முடித்த கையோடு அவர் மௌத்தாகிவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்பு மகளுக்கு நிக்காஹ் முடிந்ததும் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாத் தாய்மாரையும்போல ஹாஜறா பின்னால் இருந்த குசினிக்கு இறங்கினாள். மருமகன் வந்த அன்றிலிருந்து அவன் முன்னால் அவள் நின்றதில்லை. அவனோடு ஒரு வார்த்தை நேரில் கதைத்ததில்லை. அதுதான் மரியாதை, அதுதான் முறை. ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று, "நதீரா, மருமகன்ட்டச் சொல்லு..." என்பாள். அவனும், "மாமிட்டச் சொல்லு..." என்பான். இரண்டு பேருக்கும் நடுவில் நதீரா ஒரு தபால்காரி.

அந்த முறைதான் இரண்டு வருஷத்துக்கு முன்பு குடும்பத்தின் தலையில் விழுந்தது.

மர்சூக் விடுமுறை முடிந்து குவைத்துக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தது. டிக்கற்கூட வந்துவிட்டது. சொந்தபந்தத்துக்கு ஒரு விருந்து வைக்கலாமென்று அடுப்பை முதன்முதலாகக் கீழே இறக்கினார்கள். படியில் பலகை போட்டு, அடுப்பைச் சாக்கால் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றை விறாந்தைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, தூணின் மறைவில் நின்று ஹாஜறா பிடித்துக்கொண்டாள். கீழே மர்சூக். நடுப்படியில் நதீரா. "இறக்கச் சொல்லு" என்று அவன் சொல்ல, "உம்மா, இறக்குங்க" என்று அவள் சொல்ல, நான்கு படி ஒழுங்காகத்தான் இறங்கியது. அப்போது உள்ளே தொட்டிலில் கிடந்த அவர்களின் பிள்ளை அழுதது. நதீரா ஓடிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பலகை ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. மேலே நின்ற ஹாஜறாவுக்கு அது தெரிந்தது. கீழே நின்றவனுக்குத் தெரியவில்லை. "விலகுங்க மகன்!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஆனால் அவள் வாயில் வந்தது என்ன? "நதீரா! நதீரா!" அவனைக் கூப்பிட நாக்கு வளையவில்லை. மகளைத்தான் கூப்பிட்டாள். இரண்டு மூச்சு நேரம் அப்படியே போனது. பலகை நழுவியது, அடுப்பு புரண்டது, மர்சூக்கின் வலது பாதம் அதன் கீழே அகப்பட்டது...

மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். குவைத் வேலையும் அதோடு போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஸகியா மாரில் அடித்துக்கொண்டு, "ஆரு விட்ட பிழை இது? சொல்லுங்க! ஆரு?" என்று கத்தினாள். நதீராவின் முகம் வெள்ளைத் துணியாக வெளுத்துப் போயிற்று. நின்ற இடத்தை விட்டுப் போனது அவள்தானே! தெரிந்தால் ஸகியா தம்பியை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஹாஜறா ஒரு கணம்தான் யோசித்தாள்.

"நான்தான். கயித்த விட்டுட்டன்."

கயிறு உரித்த இரண்டு உள்ளங்கையையும் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். பொய்தான். ஆனால் முழுப்பொய் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கயிற்றை விடாதவள், கூப்பிட வேண்டியவனைக் கூப்பிடவில்லையே! இரண்டு வருஷமாக அவன் காலை இழுத்து நடக்கும் சத்தம் முன்வீட்டில் கேட்கும்போதெல்லாம், ஏச்சு முழுவதும் தனக்குத் தக்கதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

போன இரண்டு மாரிக்கும் கூலிக்காரர் நான்கு பேர் வந்து அடுப்பைத் தூக்கிவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் விதைப்புக் காலம், வயலை விட்டு ஒருவனும் வரவில்லை. கிழக்கே கடல்பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இந்த அடுப்பில் சுட்டு விற்கும் இறைச்சிதான் இப்போது வீட்டுக்கு வருமானம். அது வெடித்தால் பிழைப்பே போய்விடும். மர்சூக்கின் கூட்டாளி, தச்சுவேலை செய்யும் நேசராசா மட்டும் கயிற்றோடு வந்து சேர்ந்தான்.

"மூடிய முதல்ல கழட்டு. கம்பித்தட்டு, உள்சட்டி, சாம்பல் எல்லாத்தையும் வேற வேறயா எடுத்து மேல கொண்டு போ. வெறும் வயித்தத்தான் தூக்க வேணும்," என்றான் நேசராசா. "ஒவ்வொரு படிக்கும் கட்டையால முட்டுக் குடுக்க வேணும். கீழ நிக்கிறவன் நேர பின்னால நிக்கப்படாது, பக்கத்தாலதான். மற்றது, ஒரு ஆள்ட சத்தம்தான் கேக்க வேணும். விளங்குதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஸகியாவும்தான் ஆட்டினாள்.

நேசராசா மேலே தூணடியில் நின்று கயிற்றை இழுத்தான். மர்சூக் கீழிருந்து தள்ளினான். நதீரா கட்டையை முட்டுக்கொடுத்தாள். முதல் படி ஏறியது, இரண்டாவதும் ஏறியது. அதற்குமேல் ஸகியாவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "இழு நேசராசா! டேய் தம்பி, தள்ளாத! நதீரா, கட்டைய அங்கால வையன்!" அவளுக்கு மறுமொழியாக மற்ற மூவரும் கத்த, ஒரு சத்தத்துக்குப் பதில் நான்கு சத்தம். யார் சொல்வதை யார் கேட்பது?

பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாஜறா வீட்டின் பக்கத்தால் வந்தாள். சொல்லாமல் வேலிக் கடப்பால் போய்விடலாமென்றுதான் வந்தாள். கண் படிப்பக்கம் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

அடுப்பின் வயிற்றில் கட்டிய கயிறு அவள் நின்ற பக்கத்தில் சாக்கோடு வழுகி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு விரற்கடை ஏறினால் கழுத்தால் கழன்றுவிடும். தூணடியில் நின்ற நேசராசாவுக்கு அது தெரியாது. மறுபக்கம் தோளைக் கொடுத்து நின்ற மர்சூக்குக்கும் தெரியாது.

"நத..." என்று வாய் தொடங்கிவிட்டது!

அவள் பையைப் போட்டாள்.

"மகன்! மர்சூக்! தள்ளாதீங்க... நில்லுங்க! கயிறு கழருது!"

மர்சூக் தள்ளுவதை நிறுத்தினான். ஸகியாவின் கத்தலும் நின்றது. இந்தக் குரல் ஆறு வருஷத்தில் ஒருநாளும் மர்சூக்கைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"நேசராசா தம்பி, இழுக்காதீங்க. இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. நதீரா, ரெண்டு கட்டையும் வை. மகன்... நீங்க இஞ்சால, என்ட பக்கமா வாங்க. மெல்ல. கால் கவனம்..." இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "இப்ப அந்தக் கயித்தக் கீழால இன்னொரு சுத்துச் சுத்திக் கட்டுங்க. சாக்குக்கு மேலால இல்ல, உள்ளால. ஆ... இறுக்குங்க."

அவன் கட்டினான். "இப்ப இழுங்க." ஒரு படி. "நில்லுங்க. கட்டை." மூச்சு. "இழுங்க." இன்னொரு படி. அவள் குரலுக்கு ஏறி, அவள் குரலுக்கு நின்று, ஏழாவது படியும் தாண்டி அடுப்பு விறாந்தையில் போய் உட்கார்ந்தபோது மழையின் முதல் துளி வேம்பில் விழுந்தது.

ஹாஜறா படியின் கீழே நனைந்துகொண்டு நின்றாள். அப்போதுதான் மர்சூக் திரும்பி அவளை நேராகப் பார்த்தான்.

"மாமி... அண்டைக்கும் இப்பிடி ஒரு சத்தம் போட்டிருந்தா..."

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. இரண்டு வருஷமாக அவள் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்விதானே அது! இன்றைக்குக் கூப்பிட முடிந்த வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது?

"ஓம் மகன்," என்றாள். "போட்டிருந்தா உங்கட கால் தப்பியிருக்கும். பலகை சரிஞ்சது எனக்குத் தெரிஞ்சிச்சி. உங்கள எப்பிடிக் கூப்பிடுற எண்டு வெக்கப்பட்டு நிண்டுட்டன். குத்தம் என்டதான்... நான் போறன். அதுக்குத்தான் பையக் கட்டினன்."

"உம்மா!" நதீரா படிகளில் விழுந்தடித்து இறங்கி வந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். "காணும் உம்மா, காணும்! இன்னும் எத்தின நாளைக்கி எனக்காக ஏச்சு வாங்கப் போறீங்க? மச்சான், உம்மா கயித்த விடல்ல! நான்தான் நிண்ட இடத்த விட்டுப் போன. பிள்ள அழுதெண்டு சொல்லாமப் போயிட்டன். அத மறைக்கத்தான் உம்மா பழிய ஏத்த... நான் பார்த்துக்கிட்டு இருந்தன்! பாவி, ரெண்டு வருசமாப் பார்த்துக்கிட்டு இருந்தன்!"

"அட அல்லாஹ்வே!" என்று ஸகியா தலையில் கையை வைத்தாள். "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரப் போட்டு ஏசின..."

மர்சூக் காலை இழுத்து இழுத்துப் படியிறங்கி வந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

நதீரா தலையைத் தூக்கினாள்.

"கயிறு கடைசி வரைக்கும் இறுகித்தான் இருந்திச்சி. அடுப்பு என்ட கால்ல கிடக்கக்குள்ளயும் மாமி விடல்ல. அத என்ட கண்ணால பார்த்தன். நதீரா நதீரா எண்டு கூப்பிட்டதும் கேட்டிச்சி. என்ன மாமி எண்டு நான் ஒரு வார்த்த கேட்டிருந்தாலும் தப்பியிருப்பன். நானும் கேக்கல்ல." அவன் கடைசிப் படியில் உட்கார்ந்தான். "பொறகு நீங்க ஏத்துக்கிட்டீங்க. கால் போன ஆத்திரத்துக்கு ஒரு ஆள் தேவப்பட்டிச்சி... பேசாம விட்டுட்டன். உங்களோட நேர கதைக்கத் தேவல்லாத முறையும் எனக்கு நல்ல வசதியாப் போச்சி. ராத்தா வந்து ஏசுற நேரமெல்லாம் காதப் பொத்திக்கிட்டுக் கிடந்தன். இண்டைக்கிக் காலையிலயும் அப்பிடித்தான் நிண்டன். மாப்புத் தாங்க மாமி... என்னைய மன்னிச்சிருங்க!"

ஹாஜறாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் மேல் கோபம் வந்ததா? வந்தது, வராமல் என்ன! தெரிந்துகொண்டா இரண்டு வருஷம் இருந்தான்! ஆனால் பெற்ற மகளும் தெரிந்துகொண்டுதானே இருந்தாள். ஹாஜறாவுமே அந்த இரண்டு மூச்சு நேரம் அவனைக் கூப்பிடாமல் நின்றவள்தானே. யாரை யார் தள்ளி வைப்பது? குனிந்து மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மற்றக் கையை மருமகனின் தலையில் வைத்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

ஸகியா மழைக்குள் இறங்கி வந்து, கீழே கிடந்த சீலைப் பையை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். பின்குசினிக்குப் போகவில்லை. நேராகப் படியேறிப் பெரிய அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"மழையில நிக்காம மேல ஏறுங்க எல்லாரும்," என்றான் நேசராசா, கண்ணைத் துடைத்தபடி. "தேத்தண்ணியாவது கிடைக்குமா இந்த வீட்டுல?"

ஹாஜறா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புள்ள நதீரா, மருமகன்ட்டக் கேளு, தேத்தண்ணி..." என்று தொடங்கி, நிறுத்தினாள். திரும்பினாள்.

"மகன்... உங்களுக்கும் தேத்தண்ணி ஊத்தவா?"

"ஓம் மாமி, ஊத்துங்க." அவன் தயங்கினான். "சீனி கொஞ்சம் கூடப் போடுங்க. மாமி தாறதுக்குக் குறை சொல்லப்படாதெண்டு இவ்வளவு நாளும் பேசாமக் குடிச்சன்."

ஆறு வருஷமாக, அவன் வீட்டில் இருந்த நாளெல்லாம் காலையும் மாலையும் தேத்தண்ணி ஊற்றி அனுப்பியவள், மருமகனுக்கு எத்தனை கரண்டி சீனி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை நினைத்து ஹாஜறாவுக்கு மறுபடியும் அழுகை வந்தது.

"எத்தின கரண்டி மகன்?" என்று கேட்டாள்.