அரைக்கண் அளவு

"ஹலோ மேடம்... தப்பா எழுதியிருக்கீங்க!"

ஏணி உச்சியில் தூரிகையோடு இருந்தவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கீழே ஒருவன்; தோளில் சுருட்டிய ஃபிளக்ஸ், கையில் அளவு டேப்.

நாளைக் காலையில் திறக்கப்போகும் தையல் கடை அது. அவள் தனியாக ஒப்புக்கொண்ட முதல் போர்டு. கடைக்கார அம்மா அவளை எழுதச் சொல்லியிருக்க, அது தெரியாமல் அவர் கணவர் இவனிடம் ஃபிளக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டார்.

"என்ன தப்பு?"

"இடைவெளிதான். ஒரு இடத்துல ரெண்டு விரல், இன்னொரு இடத்துல ஒண்ணு. கம்ப்யூட்டர்ல எல்லாம் ஒரே அளவு!"

"டேப்பை உள்ள வைங்க சார். கண்ணைப் பாதி மூடிப் பாருங்க. உருண்டை எழுத்துக்குப் பக்கத்துல வெள்ளை இடம் கூடித் தெரியும். அதனால நெருக்கி எழுதணும். போர்டைப் படிக்கிறது கண்ணா, டேப்பா?"

பாதி மூடிப் பார்த்தான். என்ன நீளமான இமைமுடிகள்... சே, என்ன நினைப்பு இது!

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

அவளுக்கு உயிரே போனது. எனாமல் பெயிண்ட் காய அரை நாள் ஆகும். ஈரத்தில் துளி விழுந்தால் எழுத்தெல்லாம் அம்மைத் தழும்பாகிவிடும். அதற்குள் அவன் ஒரு மேசையை இழுத்துப்போட்டு ஏறி, ஃபிளக்ஸை விரித்துப் போர்டுக்கு மேல் பந்தலாகப் பிடித்தான். மறுமுனையை அவள் பிடித்தாள்.

"உங்க ஃபிளக்ஸ் வீணாயிடுமே!"

"மழைக்குப் பயப்படாததுதான் இதோட ஒரே பெருமை. அதையாவது காட்டிக்கிறேனே!"

முக்கால் மணி நேரம். இருவர் கைகளும் ஃபிளக்ஸை விடவில்லை... கண்கள் மட்டும் அடிக்கடி சந்தித்துத் திரும்பின. மழை விட்டதும் அவன் கேட்டான்: "ஒரு நன்றி கிடையாதா?"

"தப்புன்னு சொன்னதுக்கு முதல்ல மன்னிப்புக் கேளுங்க!"

சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் போர்டு சிறு வடுவும் இல்லாமல் மின்னியது. கடைக்கார அம்மா சொன்னார்: "ஃபிளக்ஸ் கசங்கிப் போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் கத்தினாரும்மா. அந்தத் தம்பி, தன் கைத்தப்புன்னு சொல்லிட்டுப் போச்சு. மழையில பிடிச்சதைப் பத்தி மூச்சே விடலை; பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்."

அவள் நேரே அவனுடைய ஃபிளக்ஸ் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தான்.

"தூக்கமா?"

திடுக்கிட்டு எழுந்தான். "எழுத்தை ஒவ்வொண்ணா நகர்த்திட்டிருக்கேன்... நீங்க சொன்னதுதான் சரி. மன்னிச்சிடுங்க."

"நான் நன்றி சொல்ல வந்தேன். நேத்தே தொண்டை வரைக்கும் வந்துச்சு... திமிர் விடலை. அந்த எழுத்து உங்களாலதான் பிழைச்சுது."

அவன் தலையைச் சொறிந்தான். "ஒரு சிக்கல் மேடம். கண்ணைப் பாதி மூடினா எழுத்தெல்லாம் கரைஞ்சு போயிடுது... நீங்கதான் தெரியறீங்க."

அவள் தன் விரலில் ஒட்டியிருந்த கறுப்புப் பெயிண்டையே பார்த்தாள். கன்னம் சுட்டது.

"எனக்கு... கண்ணு முழுசாத் திறந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கு."