பயஸ் வீட்டில்தான் இருக்கிறான்

பயஸ் வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் அவன் தோளில் இருந்த பனி கரையவில்லை.

லொரெட்டா முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. சமையலறையின் இரும்பு அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் பட்டாணியும் உப்பு மாட்டிறைச்சியும் போட்ட சூப் மெல்லக் கொதித்து, அந்த வாசனை திரைச்சீலைகளிலும் கம்பளித் துணிகளிலும் அவள் தலைமுடியிலும் ஏறியிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் தெருவும் இல்லை, கடலும் இல்லை. நாள்கணக்கில் ஓயாமல் கொட்டிய பனி கீழ்த்தளத்தை முழுக்க மூடியிருந்தது. நண்பகல் வெளிச்சம் அதற்குள் புகுந்து, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல மங்கிய நீலமாக உள்ளே வந்தது. மின்சாரம் போய்விட்டது. நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கடலோர ஊரில் அன்றைக்கு வாசல் கதவைத் திறக்க முடிந்த வீடு ஒன்றுகூட இருந்திருக்காது.

அதற்காக அவள் வருத்தப்படவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பயஸ் ஒவ்வொரு குளிர்காலமும் மேற்கே எண்ணெய் வயல்களில்தான் கிடந்தான். காற்று ஊளையிடும் பொழுதுகளை அவள் ரேடியோவோடு தனியாகக் கழித்தாள். இந்த வருஷம்தான் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். புயல் வருகிறது என்று அறிவித்த உடனே இருவரும் கடைக்கு ஓடி, ஊரார் எல்லோரும் செய்வதுபோல, பை பையாகச் சிப்ஸ் வாங்கி அடுக்கினார்கள்.

"பனி நம்மளக் கொல்லாது லோரி, இந்தச் சிப்ஸ்தான் கொல்லப்போகுது" என்று அவன் சிரித்தான். இருவரும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டிக்கொண்டு சீட்டாடினார்கள். அவன் கள்ளாட்டம் ஆடினான். அவள் தெரியாததுபோல விட்டுக்கொடுத்தாள். இந்தப் பனி விடவே வேண்டாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

காலையில் அவன்தான் விறகு விறகு என்று ஆரம்பித்தான். விறகுக் கொட்டகை, வீட்டின் பின்சுவரை ஒட்டியே இருந்தது. மாடி ஜன்னல் வழியாக இறங்கிப் போகவேண்டும்.

"இருக்கிறதே போதும்யா, பேசாம இரு" என்றாள் லொரெட்டா.

"உனக்குப் போதும். தூக்கத்துல ஐஸ்கட்டி மாதிரி ரெண்டு காலத் தூக்கி எம்மேல போடுறியே, வாங்கிக்கிறவன் நான்ல?" என்று சொல்லிவிட்டு, சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு மாடியேறிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து பனி சரிந்தது. வீடே ஒருமுறை குலுங்கியது. அலமாரியில் தட்டுகள் கலகலத்து அடங்கின. அவள் மாடிப்படியின் அடியில் நின்று "பயஸ்! பயஸ்!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மேலே ஏறலாம் என்று கம்பளிச் சட்டையை எடுக்கத் திரும்பினால், அடுப்புக்கு எதிரே கிடக்கும் கட்டிலில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"எப்பய்யா வந்த? படியில சத்தமே கேக்கல."

"இப்பத்தான்."

"விறகு?"

"அப்பறம் பாத்துக்கலாம். நீ வந்து உக்காரு லோரி."

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. தேநீர் ஊற்றி, டின் பால் கலந்து, அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் எடுக்கவில்லை. கம்பளிக் கையுறை போட்ட இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தோளில் இருந்த பனியைத் தட்டிவிடப் போனாள். தட்டினால் உதிரவில்லை. மாவுபோல வறண்டிருந்தது. விரல் வைத்த இடத்தில் ஈரமும் இல்லை. விரல்தான் எலும்புவரை வலித்தது.

"அடுப்புக்கிட்ட வாயேன்."

"இங்கயே சுகமா இருக்கு."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பின்சுவரின் மறுபக்கம், தரைக்குப் பக்கத்தில், தொம் என்று ஒரு மந்தமான அடி. பிறகு அமைதி. பிறகு, வெளியே பூட்டப்பட்ட நாய் கதவைப் பிராண்டுவதுபோல, பலகையில் எதுவோ உரசும் ஓசை. சர்ர். சர்ர். தொம்.

"என்ன அது?"

"பனி இறுகுது. வீடு முனகுது. இத்தன வருஷம் தனியா இருந்தவ, உனக்குத் தெரியாததா?"

தெரியும். குளிரில் உத்தரம் வெடிப்பதும், புகைபோக்கியில் காற்று அழுவதும், ஆணிகள் நெட்டிமுறிப்பதும் அவளுக்கு மனப்பாடம். இந்தச் சத்தம் அவற்றில் எதுவும் இல்லை. இதில் ஓர் அவசரம் இருந்தது.

சுவரில் மாட்டியிருந்த பழைய தொலைபேசி அலறியது. பின்வீட்டு க்ளாரிஸ். சிறு வயதிலிருந்தே லொரெட்டாவின் தோழி.

"அடியே, உன் ஆளு வீட்ல இருக்கானா?"

"பயஸ் வீட்லதான் இருக்கான். ஏன்?"

"அப்பாடா! உங்க கூரப் பனி மொத்தமும் சரிஞ்சு கொட்டக பக்கம் குன்னு மாதிரி கெடக்குடி. அவன் அந்தப் பக்கம் போனத மாடியிலேர்ந்து பாத்தேன், திரும்பி வந்தத பாக்கல. இல்லன்னா எந்தம்பி டெஸ்மண்ட மம்பட்டியோட கெளப்பி விட்டுருப்பேன்."

லொரெட்டா கட்டிலைப் பார்த்தாள். அவன் புன்னகைத்தான். அவள் மனதார நேசித்த, ஒரு பக்கம் மட்டும் கோணும் அந்தப் புன்னகை.

"வேணாம் க்ளாரிஸ். எதுக்க உக்காந்திருக்கான்."

"சரி சரி, கொஞ்சுங்க. சிப்ஸ் தீந்துதுன்னா சொல்லு, கயித்துல கட்டி அனுப்புறேன்."

சிரித்துக்கொண்டே வைத்தாள். சுவருக்குப் பின்னால் உரசல் வேகமாகியிருந்தது. அடிகள் மட்டும் தளர்ந்திருந்தன.

"லோரி, ஏதாவது பாடேன்" என்றான் பயஸ்.

"இப்பவா?"

"நீ பாடிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. வந்து உக்காந்து பாடு."

அவள் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோவிலில் பாடும் பாட்டு ஒன்றை எடுத்தாள். அவன் "கொஞ்சம் உரக்க" என்றான். உரக்கப் பாடினாள். பாட்டு முடிந்த இடைவெளியில் சர்ர் என்று ஒருமுறை கேட்டது. மெலிதாக. அவன் "இன்னொண்ணு" என்று அவசரப்படுத்தினான். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. இன்னொன்று பாடினாள். மூன்றாவது பாட்டின் நடுவே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

சுவருக்குப் பின்னால் எதுவும் இல்லை.

பயஸின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. பெரிய பாரத்தைச் சுமந்துவந்து இறக்கிவைத்தவனைப்போல தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டான்.

அடுப்பு அவிந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. அவனுடையது வரவில்லை. அவன் பக்கத்தில் வைத்த தேநீரின்மேல் மெல்லிய கண்ணாடிபோலப் பனி உறைந்திருந்தது.

மறுபடியும் தொலைபேசி.

எழுந்து போனாள்.

"லொரெட்டா..." க்ளாரிஸ் அழுதுகொண்டிருந்தாள். "டெஸ்மண்டுக்கு மனசு கேக்கலன்னு ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் போனான்டி. கொட்டகக்கிட்ட செவப்புத் தொப்பி கெடந்துச்சாம். தோண்டி எடுத்துட்டாங்க."

"யார?"

"உள்ளதான் இருக்கான்னு சொன்னியேடி! ஒடம்பு இன்னும் சூடா இருக்கு. வெரல்ல ஒரு நகங்கூட இல்ல. உங்க சமையக்கட்டுச் சொவத்தப் பிராண்டிக்கிட்டே இருந்திருக்கான். இப்பத்தான்டி போயிருக்கான். இப்பத்தான்..."

பிறகு குரல் தாழ்ந்தது.

"லொரெட்டா, உன் எதுக்க யாருடி உக்காந்திருக்கா?"

ரிசீவர் கையிலிருந்து நழுவி, சுருள் கம்பியில் தொங்கி, சுவரில் மோதி மோதி ஆடியது.

அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். வெளிர் பச்சைச் சுவர். அவன்தான் போன மாதம் வண்ணம் அடித்தான். மண்டியிட்டு, பலகையில் காதை வைத்தாள். உள்ளங்கையால் தட்டினாள். ஒருமுறை. இன்னொருமுறை. பதில் தட்டு வரவே இல்லை. இவ்வளவு பக்கத்தில். ஒரு பலகை தூரத்தில். அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா?" என்றாள், திரும்பாமலே. "ஏன் என்னப் போகவிடல?"

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"வெளிய ரொம்பக் குளிருது, கண்ணு."

மாடியில் ஜன்னல் திறக்கும் ஓசை. பூட்ஸ்கள். "மெல்ல, மெல்ல, தலையப் பாத்து" என்று டெஸ்மண்டின் குரல். கனமான ஒன்று படிகளில் இடித்து இடித்து இறங்கியது.

லொரெட்டா சமையலறை வாசலைப் பார்த்தாள். எழ முயன்றாள். தோளில் ஒரு பாரம் அழுத்தியது.

கையுறைகள் இரண்டும் தரையில் விழுந்தன.

"பாக்காத லோரி."

காதோரம் அவன் குரல். மூச்சு இல்லாத குரல். நடையில் விளக்கு வெளிச்சம் ஆடியது. யாரோ அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் கண்களைப் பொத்தின. ஈரமாக இருந்தன. விரல் நுனிகளில் நகம் இல்லை.

அவை இன்னும் சூடாக இருந்தன.