தினம் ஒரு போத்தல் காணோம்!

"ஐயோ... என் புருஷன் போயிட்டாரே!"

அங்கம்மாவின் அலறலில் பாலோ எஸ்டேட்டே கோயில் முன்னால் கூடிவிட்டது.

அங்கே நின்ற டீசல் லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அசைவில்லை!

திடீரென்று ஒரு கால் ஆடியது.

"யாரும்மா அது? எனக்கு இன்னும் நிக்காஹ்கூட ஆகலியே!"

ஊர்ந்து வெளியே வந்தவன் சுப்ஹான். குளுவாங் பட்டறை மெக்கானிக். எஸ்டேட் மேனேஜர் துரைதான் வரவழைத்திருந்தார்.

அங்கம்மாவின் புருஷன், லாரி டிரைவர் காளியப்பன், கூட்டத்தில் உயிரோடுதான் நின்றான். முகத்தில்தான் உயிரில்லை.

காரணம் இருந்தது. எட்டு வருஷத்துப் பழைய லாரி தினம் ஒரு போத்தல் இன்ஜின் எண்ணெய் குடித்தது. காளியப்பன்தான் திருடி விற்கிறான் என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி லெட்சுமணன். போலீசுக்கு ஆள் அனுப்பிவிட்டார்! வேலை போகும். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அங்கம்மாவுக்கோ ஆறு மாசம்.

"பாய்... சத்தியமா நான் ஒரு சொட்டு எடுக்கல!"

"அடியில ஒரு சொட்டு ஒழுகவும் இல்லண்ணே. அப்ப உள்ளதான் எரியணும்."

"இல்லாட்டி இவன் கைக்குப் போகணும்!" லெட்சுமணன் சிரித்தார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."

லாரி உறுமியது. பின்னாலிருந்து புகை கிளம்பியது... நீலப் புகை!

"எண்ணெய் எரியுது! சாயந்திரமும் இப்படித்தானா?"

"இல்ல பாய். காலையில மட்டும். மத்தியானத்துக்கு மேல சுத்தமா இருக்கும்."

சுப்ஹானின் கண்கள் சுருங்கின. இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் நாள் முழுக்கப் புகையுமே!

"எப்பலேருந்து?"

"சித்திரையிலேருந்து."

"காலையில எண்ணெய் பாக்குறது யாரு?"

"நாந்தான்!" லெட்சுமணன் நெஞ்சை நிமிர்த்தினார். "இவனை நம்ப முடியுமா? பூசை முடிஞ்சதும் நானே அளவுக் கம்பிய உருவிப் பாப்பேன். கோட்டுக்குக் கீழதான் இருக்கும். ஒரு போத்தல் ஊத்துவேன். இன்னைக்கும் ஊத்தியாச்சு."

"எங்க வச்சு?"

"இங்கதான் லா! சித்திரையில கோயில் கும்பாபிஷேகம் ஆச்சுல்ல? அதுலேருந்து மாரியாத்தாளைப் பாத்து நிக்காம என் லாரி கெளம்பாது!"

சுப்ஹான் கோயிலைப் பார்த்தான். அது மேட்டின் மேல் இருந்தது. லாரியின் மூக்கு மேலே, வால் கீழே!

"வண்டிய பெரட்டுக் களத்துக்கு எறக்குங்க!"

ஆட்கள் காலையில் பேர் கொடுக்கும் களம். நல்ல சமதரை. இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

அங்கம்மா தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுப்ஹான் கம்பியை உருவினான். துடைத்தான். மறுபடி விட்டு எடுத்தான்.

எண்ணெய், மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல்கடை ஏறியிருந்தது!

"அலமாக்!" என்று வாயைப் பிளந்தார் லெட்சுமணன்.

"மூக்கைத் தூக்கி நின்னா எண்ணெய் பின்னால ஓடிரும் கிராணியாரே. கம்பி முன்னால இருக்கு, கொறைச்சலாத்தான் காட்டும். நீங்க ஊத்துறது எல்லாமே மிச்சம். அதை இன்ஜின் மத்தியானத்துக்குள்ள எரிச்சுத் தள்ளிருது. திருட்டே நடக்கல!"

காளியப்பன் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"நல்லா இருக்கே நியாயம்! ஊத்துனது நீங்க, திருட்டுப் பட்டம் எம்புருஷனுக்கா?" அங்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். லெட்சுமணன் இரண்டடி பின்வாங்கினார்.

கிணிங்... கிணிங்...!

சைக்கிளில் போலீஸ்காரர் வந்து இறங்கினார். கையில் விலங்கு!

"எங்கய்யா அந்த எண்ணெய்த் திருடன்?"

காளியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். லெட்சுமணனை ஒரு பார்வை பார்த்தான்.

"திருடன் யாரும் இல்லீங்க... அள்ளி அள்ளிக் குடுத்த வள்ளல்தான் இருக்காரு. கூட்டிட்டுப் போறீங்களா?"